மூலதனச் சரக்கு, ஒன்றுக்கு ஒன்று

நீங்கள் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். முகஸ்துதிக்குச் சொல்லவில்லை. கேப்பிட்டல் ஸ்டாக் என்றால் என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறீர்கள்: பங்குதாரர்கள் கம்பெனிக்குள் போட்ட முதல், பங்குகளாகப் பிரிக்கப்பட்டது, கம்பெனி இருக்கிறவரை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாதது. நானும் உங்களைப் போலக் கம்பெனி செக்ரட்டரி பரீட்சையில் இதையேதான் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். அதன் அர்த்தம் புரிந்தது பாஸ் செய்து இரண்டு வருஷம் கழித்து, திருவனந்தபுரம் பழவங்காடியில் ஒரு பாத்திரக் கம்பெனியின் மாடியில், சாக்கும் கயிறுமாக உட்கார்ந்திருந்த முப்பத்தெட்டுப் பேருக்கு எதிரில். அவர்களைச் சாக்கோடு வரவழைத்தவன் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஒரு சீனியர் கம்பெனி செக்ரட்டரியின் ஆபீசில் வேலை பார்த்தேன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது. அவர் மலையாளி. எந்தக் காகிதத்துக்கும் மூன்று நகல் வேண்டும் என்பதிலும், நான் தமிழன் என்பதிலும் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. முதல் நம்பிக்கையால் யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டாவதுதான் என் தலையில் வந்து விடிந்தது.

நான் தமிழன்தான். ஆனால் திருவனந்தபுரத்துத் தமிழன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஆபீசில் இங்கிலீஷ். அம்மா கற்றுத் தந்த புண்ணியத்தில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். காலண்டர் படிப்பேன், நாகர்கோவில் பஸ்ஸின் போர்டைப் படிப்பேன். அதற்கு மேல் போனால் எனக்கு மூச்சு வாங்கும். சீனியர் இதையெல்லாம் விசாரிக்கவில்லை. தமிழ் உறுப்பினர்கள் இருக்கிற கம்பெனி என்றதும் ஃபைலை என் மேஜைக்குத் தள்ளிவிட்டார்.

அந்தக் கம்பெனி பிறந்த கதை தெரிந்தால்தான் மற்றது புரியும். கிழக்கேகோட்டையின் அக்ரஹாரத் தெருக்களிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த நாற்பது தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்க ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்தார்கள். போடுவதற்கு யாரிடமும் ரொக்கம் இல்லை. ஆனால் எல்லார் வீட்டுப் பரணிலும் விசேஷத்துக்கு மட்டும் இறங்கிவரும் ஒரு அண்டாவோ, பாயசம் காய்ச்சும் வெண்கல உருளியோ இருந்தது. அதையே போட்டார்கள். பாத்திரம் வார்க்கிற ஒரு கன்னாரைக் கூப்பிட்டு மதிப்புப் போட்டு, எல்லாவற்றையும் ஏறக்குறைய சமம் என்று தீர்மானித்து, குடும்பத்துக்கு ஒரே எண்ணிக்கையில் பங்குகளைக் கொடுத்தார்கள். பாத்திரங்களில் வீட்டுக்காரர் பெயர் வெட்டியிருக்கும் இல்லையா, அதை யாரும் அழிக்கவில்லை. அழித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

எனக்கு ஃபைல் வந்தபோது பங்குகள் அடுத்த தலைமுறையிடம் வந்துவிட்டிருந்தன. மேனேஜிங் டைரக்டர் நெல்லையப்ப பிள்ளை. திருநெல்வேலிக்காரர், எல்லோரும் அவரை முதலாளி என்றே கூப்பிட்டார்கள். கம்பெனி இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் அதை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். கம்பெனி வாங்கிக்கொள்ளலாம், மாதக் கடைசிக்குள்; இல்லாவிட்டால் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் வாங்குவார், அண்டா குண்டானெல்லாம் தெருவுக்கு வரும். பேங்க் கடன் தரத் தயாராக இருந்தது. மேனேஜர் வைத்தது ஒரே நிபந்தனை. பல வருஷ லாபம் கம்பெனிக்குள்ளேயே கிடக்கிறது, அதை நாளைக்கே நீங்கள் பங்கு போட்டு எடுத்துக்கொண்டு போகலாம். அதை முதலோடு சேர்த்துவிடுங்கள், சேர்த்துவிட்டால் எடுக்க முடியாது, அப்புறம் பேசலாம் என்றார்.

உங்களுக்குத் தெரிந்த போனஸ் பங்குதான். வைத்திருக்கிற ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு. கைக்கு வருவது ஒரு காகிதம்; உள்ளே நடப்பது, லாபத்துக்குப் பூட்டுப் போடுவது. அதற்கு உறுப்பினர்கள் கூட்டம் கூடிக் கை தூக்க வேண்டும். கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எல்லோருக்கும் புரிகிற மாதிரி தமிழிலும் ஒரு நகல் வைத்து அனுப்பச் சொன்னார் முதலாளி.

நம் ஊரில் எல்லோரும் ஷேர் கேப்பிட்டல் என்றுதான் எழுதுவோம். ஆனால் அந்தக் கம்பெனியின் விதிகளை எழுதிய வக்கீல் எந்த அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்தாரோ, முழுக்க கேப்பிட்டல் ஸ்டாக் என்று எழுதி வைத்திருந்தார். நான் ஒரு பாக்கெட் அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேப்பிட்டல் என்றால் மூலதனம். ஸ்டாக் என்றால் சரக்கு. மலையாளத்திலும் சரக்கு சரக்குதான் என்பதால் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. பெருமையோடு எழுதினேன்: "கம்பெனியின் மூலதனச் சரக்கு, ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் உறுப்பினர்களுக்கு வழங்கப்படும். அனைவரும் நேரில் வந்து ஆதரவு தரவும்."

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். மூலதனமாகப் பாத்திரத்தைக் கொடுத்த வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்துப் பாருங்கள். கொடுத்த சரக்கைத் திருப்பித் தருகிறார்கள், ஒன்று கொடுத்தவனுக்கு ஒன்று, நேரில் வந்து எடுத்துக்கொள். வேறு எப்படியும் அதைப் படிக்க முடியாது.

நோட்டீஸ் போன மூன்று வாரத்தில் ஒருவர்கூடச் சந்தேகம் கேட்டு வரவில்லை. அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வழக்கமாக அந்தக் கம்பெனிக் கூட்டத்துக்கு நாலு பேர் வருவார்கள், அதுவும் போண்டாவுக்காக. அன்று வாசலில் இரண்டு ஆட்டோ, ஒரு டெம்போ. மாடியில் நாற்காலி போதாமல் கவிழ்த்த அண்டாக்களின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஆளாளுக்குச் சாக்கு, கயிறு. ஒரு அம்மாள் சும்மாடு கட்டத் துணிகூடக் கொண்டு வந்திருந்தார். முதலாளி என்னைப் படியோரமாக ஒதுக்கிக்கொண்டு போனார்.

"என்னத்தவே எழுதி அனுப்புனீரு? எங்க அய்யா குடுத்த சருவம் எங்கன்னு ஒவ்வொருத்தரா வந்து கேக்காவ."

நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். சரக்கு என்ற அந்த ஒரு வார்த்தை அப்போதுதான் என் கண்ணில் பட்டது. கீழே ஓடிப்போய்க் கடை டெலிபோனில் சீனியரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவில்லை. சந்தேகம் வந்தால் இங்கிலீஷ் பிரதியே செல்லும் என்று நோட்டீஸின் அடியில் போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றேன். எந்த பாஷையில் போட்டாய் என்றார். இங்கிலீஷில் என்றேன். அவர் டெலிபோனை வைத்துவிட்டார். நெருக்கடி நேரத்தில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த வழிகாட்டல் அவ்வளவுதான்.

மேலே வந்தால் முதலாளி ஒரு யோசனையோடு தயாராக இருந்தார். "இப்ப எல்லாரும் சந்தோசமா இருக்காவ. தீர்மானத்தை வாசியும், கையைத் தூக்கட்டும். மினிட்ஸ் புக்குல ஏறின பெறவு சரக்கு வெவரத்தைச் சொல்லிக்கிடலாம்."

எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. மறைப்பானேன், மிகவும் பிடித்திருந்தது. இங்கிலீஷ் தீர்மானத்தில் ஒரு குற்றமும் இல்லை. மறுபடி நோட்டீஸ் கொடுக்க மூன்று வாரம் ஆகும், மாதக் கடைசிக்கு ஐந்தே நாள். கட்டடம் போனால் கம்பெனி போகும், கம்பெனி போனால் என் வேலையும் சேர்ந்து போகும். வாசித்துவிட வேண்டியதுதான் என்று காகிதத்தைக் கையில் எடுத்தேன்.

அப்போது முன்வரிசையிலிருந்து அனந்து சாமி எழுந்து என்னிடம் வந்தார். அவர் தேஹண்டக்காரர், அதாவது கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். கம்பெனியின் உறுப்பினர், அதோடு அதன் மிகப் பெரிய வாடிக்கைக்காரர். மிக மோசமான வாடிக்கைக்காரரும் அவரே. இருபது வருஷமாக அவர் வாடகைக்கு எடுத்த உருளி ஒன்றுகூட வெல்லப்பாகு பிடித்துக் கறுத்த அடியோடு அல்லாமல் திரும்பி வந்ததில்லை. வாடகைப் பாத்திரத்தை யாராவது துலக்குவாளா என்று கேட்பார். அந்த மனிதர் அன்று ஒரு கட்டு வைக்கோலைக் கையில் வைத்திருந்தார்.

"சார், இந்த நோட்டீஸ் நீங்க எழுதினதுன்னு சொன்னா. ரொம்ப சந்தோஷம். கீழே இருக்கிற பெரிய உருளி எங்கப்பா குடுத்ததாக்கும். வெங்குன்னு பேர் வெட்டியிருக்கும். வாடகைக்கு எடுத்துண்டு போறச்சே எல்லாம் அந்த எழுத்தைத் தடவிப் பாத்துப்பேன். இனிமே ஆத்திலேயே இருக்கும், இல்லையா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை. இந்த மனிதரைக் கை தூக்க வைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து, நீங்கள் எதற்குக் கை தூக்கினீர்கள் தெரியுமா என்று நான் சொல்ல வேண்டும். முதலாளியைப் பார்க்காமல் எழுந்து நின்றேன்.

நீங்கள் இந்த வேலையில் என்னவெல்லாமோ மறப்பீர்கள், படிவம் மறக்கும், பிரிவு மறக்கும். இது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சொல்ல வேண்டியதைக் கை தூக்குவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அதற்குப் பின்னால் சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

நான் வாயைத் திறந்தபோது பக்கத்துக் கணபதி கோயிலில் யாரோ நூற்றொரு தேங்காய் நேர்ந்துகொண்டவர் உடைக்க ஆரம்பித்தார். நோட்டீஸில் ஒரு தவறு நடந்துவிட்டது என்றேன், டமார். சரக்கு என்று எழுதியது என் பிழை, டமார். யாருக்கும் எந்தப் பாத்திரமும் கிடைக்காது, டமார் டமார். கடைசி வாக்கியம் காதில் விழாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அப்புறம் தேங்காய்ச் சத்தம் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய சத்தம் மாடியிலேயே இருந்தது.

முதலில் எழுந்தவர் தங்கம் டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். நாற்பது வருஷம் வகுப்பை அடக்கிய குரல். "ஸ்டாக்குன்னா என்னன்னு அறியாத ஆளையாக்கும் செக்ரட்டரியா வெச்சிருக்கேள். போகட்டும். எங்கம்மா உருளி கீழேதானே இருக்கு? அதை நான் எடுத்துண்டு போறேன், நீங்க கூட்டத்தை நடத்துங்கோ."

எந்த உருளி என்று முதலாளி கேட்டார். வெங்கு என்று பெயர் வெட்டிய பெரிய உருளி என்றார் டீச்சர். அவருடைய அம்மா வெங்கலட்சுமி, தெருவுக்கே வெங்கு. அனந்து சாமியின் அப்பா வெங்கிடராமன், தெருவுக்கே வெங்கு. இரண்டு வெங்குவும் ஆளுக்கொரு உருளி கொடுத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரு உருளி. இன்னொன்று என்ன ஆயிற்று என்பது முதலாளிக்கே நினைவில்லை. அனந்து சாமி வைக்கோலைக் கீழே வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அடுத்த பத்து நிமிஷம் அந்த இரண்டு காலமான ஆத்மாக்களின் சாப்பாட்டு வழக்கம், கை தாராளம், எழுத்து வெட்டிய கன்னாரின் கையெழுத்து எல்லாம் விரிவாக அலசப்பட்டன. கூட்டம் இரண்டு கட்சியாகிவிட்டது.

நடுவில், கடைசி வரிசையிலிருந்து ஒரு நகைக்கடை ஊழியர் மெதுவாகக் கேட்டார், எங்கள் வீட்டுப் பித்தளை அண்டா எங்கே என்று. முதலாளி தொண்டையைச் செருமினார். அது ஓட்டையாகிவிட்டது, எட்டு வருஷத்துக்கு முன்னால் பழைய பித்தளையாகப் போட்டுவிட்டோம் என்றார். அந்த மனிதரின் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அந்தச் சங்கடத்தில்தான் எனக்கு வழி தெரிந்தது.

"உங்க அண்டா போயிடுச்சு. உங்க பங்கு போச்சா?" என்று கேட்டேன்.

இல்லை என்றார். போன வருஷம் டிவிடெண்ட் வந்ததா என்றேன். வந்தது என்றார். உருளி இன்னும் முழுசாக இருக்கிற அனந்து சாமிக்கு உங்களைவிட ஒரு காசு கூடுதலாக வந்ததா என்றேன். அனந்து சாமியே இல்லை என்று தலையாட்டினார்.

அதுதான் கேப்பிட்டல் ஸ்டாக் என்றேன். உங்கள் வீடுகள் பாத்திரத்தைக் கொடுத்தன, பதிலுக்குப் பங்கு வாங்கின. அன்றோடு பாத்திரம் கம்பெனியுடையது. அது ஓட்டையாகலாம், விற்றுப் போகலாம், அதற்குப் பதிலாக எவர்சில்வர் வாங்கலாம். சரக்கு வரும் போகும். முதல் அப்படியே இருக்கும். இப்போது உங்களைக் கேட்பது இன்னும் கடினமானது, லாபமாகச் சேர்ந்திருப்பதையும் அதே மாதிரி யாரும் தொட முடியாமல் முதலோடு சேர்க்கச் சொல்கிறோம். கை தூக்கினால் கட்டடம் மிஞ்சும். கைக்கு ஒன்றும் வராது, ஒரு காகிதம் வரும். இஷ்டமில்லாவிட்டால் தூக்க வேண்டாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதலாளி மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் யோசித்துவிட்டுக் கேட்டார். "அப்போ, இந்தத் தீர்மானம் பாஸானா உருளியை அனந்து எடுத்துண்டு போக முடியாது, அல்லே?"

"முடியாது டீச்சர்."

டீச்சரின் கை உயர்ந்தது.

"டீச்சருக்கும் அது கிடையாதோ?" என்றார் அனந்து சாமி.

"கிடையாது சாமி."

அவர் கையும் உயர்ந்தது. அண்டா போனவர் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றை இறக்கச் சொன்னேன். பிறகு மாடி முழுக்கக் கைகள். தீர்மானம் பாஸானாலும் ஆகாவிட்டாலும் உருளியை யாரும் எடுக்க முடியாது என்பதுதான் சட்டம். அதையும் அப்போதே சத்தமாகச் சொன்னேன். இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள், நான் சொன்னேன். கேட்கத்தான் ஆள் இல்லை. தனக்குக் கிடைக்காதது பக்கத்து வீட்டுக்கும் கிடைக்காது என்ற நிம்மதியில் ஒரு கம்பெனி பிழைத்தது. முப்பது வருஷத்தில் எத்தனையோ கம்பெனிகளைப் பார்த்துவிட்டேன், முதல் பத்திரமாக இருக்கிற இடங்களில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கீழே இறங்கினால் இன்னொரு சங்கடம் காத்திருந்தது. அனந்து சாமி கூட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே உருளியை டெம்போவில் ஏற்றியிருந்தார். சுற்றிலும் வைக்கோல் மெத்தை. பக்கத்தில் சுமை தூக்கும் நாலு சுமட்டுத் தொழிலாளர்கள் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏற்றிய கூலி வாங்கியாகிவிட்டது. இறக்க வேண்டுமென்றால் இறக்குகூலி, நாங்களே இறக்கிக்கொண்டால் அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு நோக்குகூலி என்றார்கள். நம் ஊர் வழக்கம் உங்களுக்குப் புதிதல்ல.

அனந்து சாமி டெம்போவையும் அவர்களையும் மாறிமாறிப் பார்த்தார். வியாழக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கிறது, எப்படியும் இந்த உருளி வேண்டும், அதனால் இறக்க வேண்டாம், வாடகை ரசீது போட்டுவிடுங்கள் என்று முதலாளியிடம் சொன்னார். பணத்தை எடுக்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"எங்கப்பா உருளிக்கு நான் வாடகை தரணும்."

"ஆமாம் சாமி."

"அந்த வாடகையிலே எனக்கும் ஒரு பங்கு உண்டு."

"உண்டு."

"டீச்சருக்கும்?"

"உண்டு சாமி."

அதை விழுங்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு பணத்தை எண்ணி வைத்துவிட்டு டெம்போவில் ஏறிக்கொண்டார். காலையில் நினைத்தபடியே அதே உருளி, அதே டெம்போ, அதே வைக்கோல், அதே வீட்டுக்குத்தான் போனது. ஒரு ரசீது மட்டும் கூடுதல்.

கட்டடம் கம்பெனிக்கு வந்தது. என் வேலையும் தப்பியது. நோட்டீஸை மொழிபெயர்த்ததற்கு எனக்கு வர வேண்டிய கூலியில் முதலாளி முப்பத்தெட்டுப் போண்டாவுக்குக் கழித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நான் ஒரு வாத்தியாரை வைத்து ஒழுங்காகத் தமிழ் படித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். டெம்போ வந்து நின்றது. முதலாளி வழக்கம்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு உருளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கையை விட்டு அடியைத் தடவினார். விரலைப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுத் தடவச் சொன்னார். புளி போட்டுத் தேய்த்து, உள்ளும் புறமும் பளபளவென்று இருந்தது. வெங்கு என்ற எழுத்தின் இடுக்கில்கூட ஒரு பொட்டு அழுக்கு இல்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை.

அனந்து சாமி வைக்கோலை உதறிவிட்டு முதலாளியிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"பிள்ளைவாள், டீச்சர் ஆத்து விசேஷத்துக்கு இதை எடுத்தா, இதே மாதிரி துலக்கித்தான் திருப்பி வாங்கணும். நம்ம முதலாக்கும்."